துளை போடும் முன் ஒரு கேள்வி

வீடு வீடாக ஃபைபர் இழுத்து இணைய இணைப்பு கொடுக்கும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

நீங்கள் எந்த நிறுவனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாலும், உள்ளூர் கேபிள்காரரின் ஆளாக வந்தாலும், இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். எங்கள் தெருவில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், கஸ்டமர் கேருக்கு அடுத்தபடியாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் உங்கள் லைனில் குறை இருக்காது. கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் வேலை சுத்தமாக இருக்கும். கோளாறு சுவரைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான். ஒரே லைனை வீட்டிலிருக்கும் நாலைந்து கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு வைக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் வேலையோ அங்கே முடிந்துவிடுகிறது.

உங்கள் பாடு தெரியாமல் எழுதவில்லை. ஐப்பசி மழையில் மொட்டை மாடி மொட்டை மாடியாக ஒயர் கடத்துவதும், சன்ஷேடில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கிளிப் அடிப்பதும், லாரி அறுத்துவிட்டுப் போன லைனை ராத்திரியில் வந்து ஒட்டுவதும் எங்கள் கண்ணெதிரே நடப்பவைதான். 125 மைக்ரான் பருமனே உள்ள கண்ணாடி இழையை உரித்து, துடைத்து, வெட்டி, ஸ்ப்ளைஸ் போடும் பொறுமை எல்லோருக்கும் வராது. பவர் மீட்டரைச் செருகி, எண் மைனஸ் 20-ஐ ஒட்டி வந்தால் உங்கள் முகம் தெளிவதையும், மைனஸ் 27-ஐத் தாண்டினால் ஒன்றும் பேசாமல் மறுபடி கம்பத்துக்கே போவதையும் பார்த்திருக்கிறேன். வெளியே இப்படி அளந்து அளந்து வேலை செய்கிறவர்கள், வீட்டுக்குள் வந்ததும் அளப்பதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

ஒயர் எந்த ஜன்னல் வழியாக வந்ததோ, அந்த ஜன்னலை ஒட்டிய சுவரில் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று உங்கள் போனில் ஒரு ஸ்பீடு டெஸ்ட். “சார், நூறு வருது பாருங்க.” ஓடிபியை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கிளப்பிவிடுகிறீர்கள். அந்த நூறு, பெட்டிக்கு ஒரு முழத் தூரத்தில் வருகிற நூறு. கம்ப்யூட்டர் எதுவும் அந்த ஒரு முழத்துக்குள் இல்லை.

பக்கத்து பிளாக்கில் ஒரு வீடு. பால்கனி வழியாக லைன் ஏறியதால் ரவுட்டரை ஹாலில் டிவிக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். கணவனும் மனைவியும் உள்ளறையில் ஆளுக்கொரு லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்க்கிறார்கள். பையனின் டெஸ்க்டாப் அதற்கும் அப்பால், வீட்டின் கடைசி மூலையில். நடுவே இரண்டு ஒன்பது அங்குலச் சுவர்கள், ஒரு இரும்பு பீரோ, ஒரு ஃப்ரிட்ஜ். ஹால் சோபாவில் 95 மெகாபிட் காட்டியது. பையனின் மேஜையில் 6. மாதாமாதம் கூடுதலாகக் கட்டி 100 திட்டத்தை 200 ஆக்கிப் பார்த்தார்கள். சோபாவில் 180 வந்தது. மேஜையில் அதே 6. புகார் கொடுத்ததும் வந்தவர், “உங்க கம்ப்யூட்டர் பழசு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் ஹாலிலிருந்து அந்த மூலைக்கு ஒரு லான் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு சிறிய வைஃபை பெட்டியும் வைத்தார்கள். டெஸ்க்டாப் கேபிளிலும், லேப்டாப் இரண்டும் பக்கத்துப் பெட்டியிலுமாக ஓடத் தொடங்கியதும், பழைய 100 திட்டமே மூன்று பேருக்கும் தாராளமாகப் போதும் என்று ஆகிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் அப்படியே இருக்கிறது.

இது உங்களைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. ஒயர் நுழையும் இடத்திலேயே பெட்டியை வைக்கும் இந்தப் பழக்கம் உங்களுக்கு முன்பே வந்துவிட்டது. 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கைப்படி, 256 கிலோபிட் வேகம் வந்தாலே அது பிராட்பேண்ட். அப்போதைய வீடுகளில் தொலைபேசி எங்கே இருந்ததோ அங்கே மோடம். மோடத்துக்குப் பக்கத்திலேயே வீட்டின் ஒரே கம்ப்யூட்டர். ஒயர் வந்து நிற்கும் இடமும் வேலை நடக்கும் இடமும் ஒன்றாகவே இருந்தன. இன்று சட்டப்படியான குறைந்தபட்ச வரையறையே 2 மெகாபிட். 2023-ல் அப்படி உயர்த்தினார்கள். நீங்கள் கொண்டுவரும் ஜிபான் லைனில், ஸ்ப்ளிட்டர் வழியாக 32 வீடுகளோ 64 வீடுகளோ பங்கு போட்டுக்கொள்ளும் ஒற்றை இழையில், கீழ்நோக்கி ஏறக்குறைய 2.5 கிகாபிட் ஓடுகிறது. லைன் மாறிவிட்டது, கம்ப்யூட்டர்கள் பெருகி அறைக்கு அறை பரவிவிட்டன. பெட்டி மட்டும் இன்னும் ஒயர் நுழையும் ஜன்னலோரத்திலேயே இருக்கிறது.

“எத்தனை கம்ப்யூட்டர் போடலாம்?” என்று எங்கள் வீடுகளில் எல்லோரும் உங்களைக் கேட்கிறார்கள். “பத்து வரைக்கும் போடலாம் சார்” என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறீர்கள். எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்லை என்பதுதான் உண்மை. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தான். உலகத்துக்குப் பொதுவாக இருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரே முகவரி. பல நிறுவனங்களில் அதுகூட இல்லை, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்று. வீட்டுக்குள் ரவுட்டர் தானாகவே 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கொடுக்கிறது. எந்தக் கம்ப்யூட்டர் எந்தத் தளத்தைக் கேட்டது என்று போர்ட் எண்ணோடு ஒரு அட்டவணையில் குறித்துக்கொண்டு, திரும்பி வரும் தகவலைச் சரியான ஆளிடம் சேர்க்கிறது. அந்த உள்முகவரி வரிசையில் 250-க்கு மேல் இடமுண்டு. ஒரு வீட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

நெருக்கடி காற்றில்தான். ஒரே மைக் உள்ள பட்டிமன்ற மேடை மாதிரி, வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தொலைவிலிருக்கும் கம்ப்யூட்டருக்குச் சிக்னல் பலவீனமாகப் போனால், ரவுட்டர் அதனோடு மெதுவாகத்தான் பேச வேண்டியிருக்கும். அதே தகவலைச் சொல்லி முடிக்க அது பல மடங்கு நேரம் மைக்கைப் பிடித்துக்கொள்ளும். கடைசி அறையில் ஒருவர் திணறினால், ஹாலில் முழு சிக்னலோடு இருப்பவரும் சேர்ந்து காத்திருக்க வேண்டியதுதான். போதாதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்குமாடியில் போனைத் திறந்தால் அக்கம்பக்கத்துப் பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அத்தனையும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் அது சுவருக்குப் பயந்தது.

அதனால் முதல் வேண்டுகோள்: ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன், “எந்த ரூம்ல உட்கார்ந்து வேலை பார்ப்பீங்க? கம்ப்யூட்டர் எங்கெங்க இருக்கு?” என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டுத் துளைக்கான இடத்தைக் குறியுங்கள். அந்த இடம் தள்ளிப் போனால் கவலை வேண்டாம். நீங்கள் பவர் மீட்டரில் பார்க்கும் அதே டெசிபெல் கணக்கில் இதையும் போட்டுப் பாருங்கள். ஃபைபரில் ஒரு முழு கிலோமீட்டருக்கே 0.35 டெசிபெல் அளவுதான் இழப்பு. ஹாலிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு இன்னும் பத்து மீட்டர் கொண்டுபோனால் உங்கள் மீட்டரில் வித்தியாசமே தெரியாது. அதே சிக்னலை ஹாலிலேயே வைஃபையாக மாற்றி ஒரு காங்கிரீட் சுவரைத் தாண்டவிட்டால் பத்து டெசிபெல் போய்விடும், சில சுவர்களில் அதற்கு மேலும். பத்து டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இழையை மூலையில் மடக்காமல் வளைத்து எடுக்கவும், டிவிக்குப் பின்னால் ஒளிக்காமல் தலை உயரத்தில் பெட்டியை மாட்டவும் உங்களுக்குக் கை பழகியிருக்கிறது. பீரோ, கண்ணாடி பதித்த அலமாரி, மீன் தொட்டி, மைக்ரோவேவ் ஆகியவற்றின் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது, நகராத கம்ப்யூட்டருக்கு ஒயர். டெஸ்க்டாப், டிவி, சிசிடிவி பெட்டி எல்லாம் இருந்த இடத்தில் இருப்பவை. அவற்றை லான் கேபிளில் போட்டுவிட்டால், காற்று முழுவதும் கையில் தூக்கிக்கொண்டு அலைகிற லேப்டாப்புக்கும் போனுக்கும் மிஞ்சும். நல்ல கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைச் சிந்தாமல் கொண்டுபோகும். நம் வீடுகளில் அதில் நாலில் ஒரு பங்குத் தூரம்கூட வராது.

கிரிம்பிங்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று உங்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். 100 மெகாபிட் ஓட நாலு ஒயர் போதும்; ஒரு கிகாபிட் ஓட எட்டும் வேண்டும். நீலமோ பழுப்போ பின்னில் சரியாக உட்காராவிட்டாலும் நெட் வரும், லைட்டும் எரியும், ஆனால் லிங்க் பெரும்பாலும் 100-லேயே நின்றுவிடும். 300 திட்டத்துக்குப் பணம் கட்டுபவர், அந்த ஒரு ஒயரால் காலம் முழுக்க 95-ஐப் பார்த்துக்கொண்டிருப்பார். யாருக்கும் காரணம் தெரியாது. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகுமா? அதோடு, நீங்கள் கொடுக்கும் பெட்டியின் லான் போர்ட்டே 100 மெகாபிட் வகை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். தெரிந்துவிட்டால், அந்தப் போர்ட்டை நம்பி எங்கள் ஆட்கள் 300 திட்டத்துக்குப் போக மாட்டார்கள்.

மூன்றாவது, இரண்டாவது ரவுட்டர். சிக்னல் எட்டவில்லை என்றதும் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்து செருகிவிடுகிறோம். அங்கிருந்து புதுத் தலைவலி. பழைய பெட்டியின் லான் போர்ட்டிலிருந்து புதுப் பெட்டியின் லான் போர்ட்டுக்கு ஒயர் போட்டால், இரண்டும் தானே முகவரி கொடுக்கும் அதிகாரி என்று நினைத்துக்கொள்ளும். ஒரு லேப்டாப்புக்கு நெட் வரும், பக்கத்திலிருப்பதற்கு வராது, அணைத்துப் போட்டால் தலைகீழாக மாறும். வேன் போர்ட்டில் செருகினால் நெட் எல்லோருக்கும் வரும், ஆனால் வீடு இரண்டு தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும். ஹாலில் இருக்கும் பிரிண்டரை உள்ளறை லேப்டாப் தானாகக் கண்டுபிடிக்காது. புதுப் பெட்டியை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போட்டால் தீர்ந்தது. அந்த மோடு இல்லாத பெட்டியா? டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியை மாற்றி, லான் போர்ட்டில் செருக வேண்டும். உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒயரே இல்லாமல் சுவரில் செருகும் எக்ஸ்டெண்டரை நீங்களே விற்கும்போது, ஒரே ரேடியோவில் வாங்கித் திருப்பி அனுப்புகிற வகைக்கு வேகம் பாதியாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லி விற்றுவிடுங்கள்.

நாலாவது, பாஸ்வேர்டு. வீட்டுக்காரரின் செல் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாக வைப்பதை விட்டுவிடுங்கள். அந்த நம்பர் பால்காரரிடம், கேஸ்காரரிடம், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில், எங்கும் இருக்கிறது. நீங்கள் வைப்பது ஒரு பூட்டு. அதன் பின்னே எங்கள் வங்கிக் கணக்கு பார்க்கிற கம்ப்யூட்டர் இருக்கிறது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் செய்தி நிறுவனங்களுக்குப் போன மின்னஞ்சலைத் துரத்திப் போன போலீஸ், நவி மும்பையில் ஒரு அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. யாரோ அவர் வீட்டுப் பாதுகாப்பில்லாத வைஃபையைப் பயன்படுத்தியிருந்தார்கள். லைன் யார் பெயரிலோ, முதல் கேள்வி அவரிடம்தான். ரவுட்டருக்குள் நுழைகிற பாஸ்வேர்டும் ‘அட்மின், அட்மின்’ என்று விட்டுவிட்டுப் போகும் பூட்டுதான். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, இப்படித் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்துத்தான். இரண்டையும் எங்கள் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள், அதன் எட்டு இலக்கப் பின் நம்பரை அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைக்கலாம் என்பது 2011-லேயே வெளியாகிவிட்டது. வந்துபோகும் விருந்தாளிக்கு கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து கொடுத்தால், மெயின் பாஸ்வேர்டு வீட்டுக்குள்ளேயே தங்கும்.

ஐந்தாவது, அப்லோடு. எல்லோரும் டவுன்லோடு வேகத்தைத்தான் கேட்கிறார்கள், நீங்களும் அதையே சொல்கிறீர்கள். ஆனால் ஒரே லைனில் சண்டை வருவது பெரும்பாலும் மேலே போகிற பாதையில். கல்யாண வீட்டு வீடியோவை ஒரு லேப்டாப் கிளவுடில் ஏற்றத் தொடங்கினால், ரவுட்டரில் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நின்றுவிடும். பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருப்பவருடைய குரலும் அந்த வரிசையின் வாலில்தான் போய் நிற்க வேண்டும். அந்தக் குரலுக்கு ஒரு மெகாபிட்கூடத் தேவைப்படாது, ஆனாலும் குரல் வெட்டி வெட்டிப் போகும். பல ரவுட்டர்களில் கியூஓஎஸ் என்றோ பேண்ட்விட்த் கன்ட்ரோல் என்றோ ஒரு பகுதி இருக்கிறது. அதில் அப்லோடு உச்சவரம்பை லைன் வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, மீட்டிங் நடக்கும் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை கொடுத்தால் இந்தத் தொல்லை அடங்கும். எங்கே இருக்கிறது என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும், மிச்சத்தை வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்துக் கடனும் இருக்கிறது. ‘ஹால் லுக் கெட்டுவிடும், கண்ணில் படாத மாதிரி வையுங்கள்’ என்று பெட்டியை டிவிக்குப் பின்னால் தள்ளச் சொல்வது நாங்கள்தான். பத்து மீட்டர் ஒயருக்குக் கூடுதலாக நீங்கள் ஒரு தொகை சொன்னால் பேரம் பேசுகிறோம். ஆனால் மாதாமாதம் கூடுதல் திட்டத்துக்கு வாய் பேசாமல் கட்டுகிறோம். புது வீடு கட்டும்போது ஏசிக்கும் டிவிக்கும் பைப் போடுகிற எலக்ட்ரீஷியனிடம், ஹாலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு காலிப் பைப் போடச் சொல்லத் தோன்றுவதில்லை. பூச்சு முடிந்த பிறகு நீங்கள் வந்து பளபளக்கும் சுவரில் ஒயர் ஓட்டினால் முகம் சுளிக்கிறோம். இனி இணைப்புக்குச் சொல்லும் முன்பே கம்ப்யூட்டர்கள் இருக்குமிடத்தைத் தீர்மானித்து, அங்கே ஒரு பிளக் பாயிண்டும் தயாராக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு. உங்கள் ஒயருக்கும் அரை மணி நேரத்துக்கும் ஆகும் கூலியைக் கொடுப்பதும் எங்கள் பொறுப்புதான்.

அந்த அரை மணி நேரம் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஒரு நாளைக்கு இத்தனை இணைப்பு முடிக்க வேண்டும் என்று கணக்குக் கேட்பவர்கள் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை அவர்களும் படிக்கட்டும். அரைகுறையாக முடித்த வீட்டிலிருந்து அடுத்த வாரமே புகார் வருகிறது; அதைப் பார்க்க மறுபடி ஒரு ஆள், மறுபடி பெட்ரோல். முதல் நாளே கொடுக்காத அரை மணி நேரத்தை அப்போது வட்டியோடு கட்டுகிறார்கள். வீட்டுக்காரர் காரணம் புரியாமல் வேறு கம்பெனிக்கு மாறினால் அதுவும் நஷ்டக் கணக்கில்தான் சேரும். புது ஆள் வந்தும் அதே ஜன்னலோரத்தில்தான் பெட்டி மாட்டப்போகிறார் என்பது வேறு கதை.

ஆகவே உங்களிடமும் உங்கள் மேலாளர்களிடமும் ஒரே ஒரு மாற்றம் கேட்கிறேன். இணைப்பு முடிந்ததாகப் பதிவு செய்யும் ஆப்பில், பவர் மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேருங்கள்: வேலை நடக்கும் அறைகளில் மிகத் தொலைவில் உள்ளதில் எடுத்த ஸ்பீடு டெஸ்ட். வீட்டுக் கம்ப்யூட்டரில், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எடுங்கள். முடிந்தால் ஹாலில் டிவியில் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுங்கள். அந்த எண்ணை வீட்டுக்காரர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு ஓடிபி கேளுங்கள். ஆப்பில் அந்தக் கட்டம் வரும் வரை, நாங்களாகவே அந்த அறைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போவோம். அங்கே ஒருமுறை டெஸ்ட் ஓட்டிக் காட்டாமல் ஓடிபி சொல்ல மாட்டோம், வருத்தப்படாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்

பி.கு.: கரண்ட் போனதும் ‘நெட் போயிடுச்சு’ என்று உங்களுக்கு வரும் போன்களில் பாதியைக் குறைக்க வழி ஒன்று உண்டு. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கென்றே சிறிய ரவுட்டர் யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரு சீட்டில் குறித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள், நாங்கள் வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.